மாலிக் அம்பரும் தக்காணத்தின் கரந்தடிப் போரும்

மாலிக் அம்பர் (சுமார் 1548 - 1626) எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னாளில் அகமதுநகர் நிஜாம் ஷாஹி அரசின் தலைமை அமைச்சராகவும் படைத்தலைவராகவும் உயர்ந்தவர். 1600-ல் அகமதுநகர்க் கோட்டை முகலாயர் கையில் வீழ்ந்த பிறகு, எஞ்சிய நிலப்பகுதியில் அரசை மீண்டும் நிறுவி, அக்பரின் இறுதிக்காலம் முதல் ஜஹாங்கீர் ஆட்சியின் இறுதிக்கட்டம் வரை ஏறக்குறைய 26 ஆண்டுகள் முகலாயப் படைகளை எதிர்த்து நின்றார். அதற்கு அவர் கையாண்ட முறை 'பார்கி-கிரி' என்று தக்காணத்தில் அழைக்கப்பட்ட கரந்தடிப் போர்முறையாகும். இதே முறையைப் பிற்காலத்தில் மராட்டியர் விரிவாக்கிப் பயன்படுத்தினர்.

கரந்தடிப் போர்

எதிரியை நேருக்கு நேர் களத்தில் சந்திக்காமல், மறைந்திருந்தும் திடீரெனப் பாய்ந்தும் தாக்கிவிட்டு விலகிச்செல்வது கரந்தடிப் போர் எனப்படுகிறது. கெரில்லா என்ற சொல் 1808-ல் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக ஸ்பெயின் மக்கள் நடத்திய போரின்போது பரவலானது. ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சிறு போர்' என்று பொருள். சொல் புதியது என்றாலும் முறை மிகப் பழையது. கி.மு. 217-ல் ரோமானியத் தளபதி ஃபேபியஸ், ஹன்னிபாலுடன் பெரும்போரைத் தவிர்த்து, அவரது படையைத் தொடர்ந்து சென்று அதன் உணவு வழிகளை நெருக்கினார்.

எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் குறைந்த தரப்பே பெரும்பாலும் இம்முறையை நாடுகிறது. பெரிய படைக்கு அதன் அளவே பலம். ஆனால் அந்த அளவுக்கு ஏற்ற உணவும் தீவனமும் நாள்தோறும் கிடைக்க வேண்டும். அது தடைபட்டால் அதே அளவு சுமையாகிவிடும். கரந்தடிப் போர் படைவீரனை விட அவனுக்குச் சோறு வரும் வழியைத்தான் முதலில் குறிவைக்கிறது. இதனை இந்தியாவில் ஓர் அரசின் நிலையான போர்முறையாகவே நடத்திக்காட்டியவர்களில் மாலிக் அம்பர் முதன்மையானவர்.

அடிமை வாழ்வு

எத்தியோப்பியாவில் அவருக்குச் சாப்பு என்று பெயர். இளம் வயதிலேயே அடிமை வணிகர் கைக்குச் சென்ற அவர், செங்கடல் கரையிலுள்ள மோக்கா துறைமுகம், பாக்தாத் எனப் பல இடங்களில் கைமாறினார். பாக்தாத்தில் அவரை வைத்திருந்த மீர் காசிம் என்ற வணிகர் அவருக்குக் கல்வி கற்பித்து, அம்பர் என்று பெயரிட்டார். 1570-களின் தொடக்கத்தில் தக்காணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அகமதுநகரின் தலைமை அமைச்சர் செங்கிஸ் கானுக்கு விற்கப்பட்டார்.

செங்கிஸ் கானும் முன்னாள் ஹப்ஷி அடிமையே. எத்தியோப்பியப் பகுதியிலிருந்து வந்தவர்களை அக்காலத் தக்காணத்தில் ஹப்ஷிகள் என்று அழைத்தனர். அவர் சுமார் 1,000 ஹப்ஷிகளைத் தம் படையில் வைத்திருந்தார். தக்காண அரசவைகளில் உள்ளூர் தக்காணிகளுக்கும் ஈரானிலிருந்து வந்தவர்களுக்கும் இடையே ஓயாத பூசல் இருந்தது. ஊரும் உறவும் இல்லாத ஹப்ஷி வீரன் தன் தலைவனை மட்டுமே சார்ந்திருப்பான் என்ற எண்ணத்தில் அவர்களை விலைகொடுத்து வாங்கினர். தலைவன் இறந்தால் அவன் பெரும்பாலும் விடுதலை பெற்று, தன் வாளை நம்பிப் பிழைப்பான்.

அம்பருக்கும் அதுவே நேர்ந்தது. செங்கிஸ் கான் 1570-களின் நடுவில் இறந்ததும் அவருடைய மனைவி அம்பரை விடுவித்தார். அடுத்த இருபது ஆண்டுகள் அவர் சிறு குதிரைப்படைத் தலைவராகத் தக்காணத்தில் திரிந்தார். சில காலம் பீஜப்பூர் அரசில் பணிபுரிந்தபோது 'மாலிக்' என்ற பட்டம் கிடைத்தது. 1590-களின் நடுவில் ஏறத்தாழ 150 குதிரை வீரர்களுடன் அகமதுநகருக்குத் திரும்பினார். அப்போது முகலாயப் படை நகரின் வாசலில் நின்றது.

அகமதுநகரின் வீழ்ச்சி

1595-ல் அக்பரின் மகன் முராத் தலைமையில் முகலாயர் அகமதுநகர்க் கோட்டையை முற்றுகையிட்டனர். கோட்டையைக் காத்தவர் சாந்த் பீபி. முதல் முற்றுகை உடன்பாட்டில் முடிந்தது. இரண்டாம் முற்றுகையின்போது 1600-ல் சாந்த் பீபி சொந்தப் படையினராலேயே கொல்லப்பட்டார், கோட்டையும் வீழ்ந்தது. சுல்தான் சிறைபிடிக்கப்பட்டார்.

தலைநகரும் அரசனும் போன பிறகு அரசு முடிந்தது என்றே கருதப்பட்டது. ஆனால் முகலாயர் கைப்பற்றியது ஒரு கோட்டையையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டுமே. மேற்கே சஹ்யாத்ரி மலையும், பாலாகாட் மேட்டுநிலமும், அவற்றின் ஊர்களும் எவர் கையிலும் முழுமையாக இல்லை. முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே முகலாயரின் உணவு வழிகளைத் தாக்கிவந்த அம்பரின் கூட்டம் இதற்குள் சில ஆயிரங்களாகப் பெருகியிருந்தது. அவர் நிஜாம் ஷாஹி குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரைப் பரண்டா கோட்டையில் முர்தசா நிஜாம் ஷா என்ற பெயரில் அரியணை ஏற்றினார். தம் மகளையும் அவருக்கு மணம்முடித்துக் கொடுத்தார். ராஜு என்ற போட்டித் தலைவரைச் சில ஆண்டுகளில் வென்று, தனி அதிகாரம் பெற்றார்.

1610-ல் முர்தசா இறந்தார். அம்பரே அவருக்கு நஞ்சிட்டார் என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது. அடுத்து முர்தசாவின் சிறுவயது மகன் அரியணையில் அமர்த்தப்பட்டார். ஆட்சி அம்பரின் கையிலேயே தொடர்ந்தது.

படை அமைப்பு

அம்பரின் படையில் ஹப்ஷிகள், தக்காண முஸ்லிம்கள், மராட்டியர் ஆகிய மூன்று பிரிவினரும் இருந்தனர். இவர்களுள் கரந்தடிப் போருக்கு உயிராக விளங்கியவர்கள் மராட்டியக் குதிரை வீரர்கள். சொந்தக் குதிரையுடன் பணிக்கு வருபவன் சிலேதார். குதிரையையும் ஆயுதத்தையும் அரசிடமிருந்து பெறுபவன் பார்கிர். இந்தப் பார்கிர் என்ற சொல்லிலிருந்தே பார்கி-கிரி என்ற பெயர் வந்தது. ஷிவாஜியின் பாட்டனார் மாலோஜியும் தந்தை ஷாஜியும் நிஜாம் ஷாஹி அரசின் பணியில் இருந்தவர்களே.

முகலாயக் குதிரைப்படை கவசம் அணிந்தது. பெரிய குதிரைகளில் ஏறி சமவெளியில் அணிவகுத்துப் பாய்வதில் நிகரற்றது. அதன் பின்னால் யானைகளும் பீரங்கிகளும் வரும். கூடவே கடைவீதியும், வேலையாட்களும், குடும்பங்களும் கொண்ட ஒரு நடமாடும் நகரம் வரும். மராட்டியக் குதிரை சிறியது. குறைந்த தீவனத்தில் தாக்குப்பிடிக்கும், மலைச்சரிவில் ஏறும். வீரன் கவசமோ கூடாரமோ சுமப்பதில்லை. தனக்கு வேண்டிய தானியத்தைச் சேணத்திலேயே கட்டிக்கொள்வான்.

முறையும் அதன் செயல்பாடும்

பார்கி-கிரியில் முதல் பாடம் பின்வாங்குவது. முகலாயப் படை முன்னேறும்போது அம்பரின் வீரர்கள் களத்தை விட்டு விலகி, எதிரியைப் புர்ஹான்பூர்த் தளத்திலிருந்து வெகுதூரம் மலைப்பகுதிக்குள் வரவிடுவர். உள்ளே வர வர உணவு வழி நீளும்.

அடுத்து, அந்த வழி அறுக்கப்படும். முகலாயப் படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் பஞ்சாரா எனப்படும் பொதிமாட்டு வணிகர்கள். ஆயிரக்கணக்கான மாடுகள் வரிசையாக மலைக்கணவாயைக் கடக்கும்போது முன்னும் பின்னும் தாக்கினால் வரிசை சிதறிவிடும். தீவனம் தேடி முகாமை விட்டு வெளியேறுபவர்கள் திரும்பிவர முடியாது. வழியிலுள்ள புல்வெளிகள் முன்னரே எரிக்கப்பட்டிருக்கும். இரவில் முகாமின் மேல் 'பாண்' எனப்படும் வாணங்கள் வந்து விழும். இவற்றால் பெரிய உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும் யானைகளும் மாடுகளும் மிரண்டு ஓடும். வீரர்கள் உறங்க முடியாது.

சில வாரங்களில் முகாமில் தானிய விலை ஏறும். குதிரைகள் சாகும். தளபதிகள் ஒருவரையொருவர் குறைசொல்வர். படை திரும்பத் தொடங்கியதும் பார்கிகள் அதன் முதுகில் பாய்வர். பெரும்பாலான இழப்பு இந்தத் திரும்பும் வழியில்தான் ஏற்பட்டது.

இவை அனைத்துக்கும் அடிப்படை செய்தியும் உணவும். எந்தக் கணவாயில் எப்போது மாடுகள் வரும், எந்த ஓடையில் நீர் உண்டு, எந்த வழி மழையில் அடைபடும் என்பது அங்கே வாழ்பவனுக்கே தெரியும். அதனால் அம்பரின் நில நிர்வாகத்தையும் அவரது போரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அவர் நிலங்களை விளைச்சலுக்கு ஏற்ப வகைப்படுத்தி, வரியை வரையறுத்து, ஊர்த்தலைவர்களின் பரம்பரை உரிமைகளை உறுதிப்படுத்தினார். வரி நிலையாக வந்ததால் வீரர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. ஊர்த்தலைவனும் தன் உரிமை இந்த அரசு இருக்கும்வரைதான் என்று அறிந்திருந்தான்.

முகலாயருடன் போர்கள்

1610-ல் இளவரசர் பர்விஸும் அப்துர் ரஹீம் கான்-இ-கானானும் மழைக்காலத்தில் பாலாகாட் நோக்கிப் படையெடுத்தனர். சேறும், தானியத் தட்டுப்பாடும், தளபதிகளின் பூசலும் சேர்ந்து படையை முடக்கின. முகலாயர் அவமானகரமான உடன்பாட்டுடன் புர்ஹான்பூருக்குத் திரும்பினர். அதே ஆண்டு அகமதுநகர்க் கோட்டையை அம்பர் மீட்டார்.

1611-ல் ஜஹாங்கீர் இரு முனைத் தாக்குதலுக்கு ஆணையிட்டார். குஜராத்திலிருந்து நாசிக் வழியாக அப்துல்லா கானின் படையும், கிழக்கே பேராரிலிருந்து இன்னொரு படையும் ஒரே நேரத்தில் வந்து அம்பரை நடுவில் நெருக்க வேண்டும் என்பது திட்டம். வெற்றியின் பெருமையைத் தாமே பெற விரும்பிய அப்துல்லா கான் மற்றப் படைக்குக் காத்திராமல் விரைந்தார். மலைகளுக்குள் நுழைந்தது முதல் தௌலதாபாத் வரை பார்கிகள் அவரைச் சூழ்ந்து அரித்தனர். கிழக்குப் படை வந்துசேரவில்லை. அப்துல்லா கான் பெரும் இழப்புடன் பக்லானா வழியாகக் குஜராத்துக்கு ஓடினார். இதை அறிந்த கிழக்குப் படையும் போரிடாமலே திரும்பிவிட்டது.

1616: ரோஷன்காவ் தோல்வி

அம்பரின் முறையில் இருந்த பலவீனம் 1616-ல் வெளிப்பட்டது. போருக்கு முன்பே முகலாயர் பணமும் பதவியும் காட்டி அவரது தலைவர்கள் சிலரைத் தம்பக்கம் இழுத்தனர். அவர்களுள் மராட்டியத் தலைவர்களும் ஹப்ஷித் தலைவர்களும் இருந்தனர். மலைவழிகளை அறிந்தவர்கள் இப்போது எதிரிக்கு வழிகாட்டினர்.

கான்-இ-கானானின் மகன் ஷா நவாஸ் கான் தலைமையில் முகலாயர் முன்னேறியபோது, அம்பர் தம் வழக்கத்துக்கு மாறாக ரோஷன்காவ் அருகே திறந்த களத்தில் அணிவகுத்து நின்றார். இரு படைகளுக்கும் இடையே ஓர் ஓடை இருந்தது. அதைக் கடக்கப் பாய்ந்த அம்பரின் குதிரை வீரர்கள் சேற்றில் சிக்கினர். முகலாயரின் அம்புகள் அவர்களை வீழ்த்தின. பின்னர் முகலாயக் கனரகக் குதிரைப்படை பாய்ந்ததும் களம் முடிந்தது. அம்பரின் தலைநகர் கட்கி கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு இளவரசர் குர்ரம் தக்காணம் வந்தார். பாலாகாட் பகுதியையும் அகமதுநகர்க் கோட்டையையும் திருப்பிக் கொடுத்து அம்பர் சமாதானம் செய்துகொண்டார். இந்த வெற்றிக்காகவே குர்ரமுக்கு ஷாஜஹான் என்ற பட்டம் வழங்கப்பட்டது.

ஆனால் அம்பரின் பணிவு தற்காலிகமானது. 1620-ல் ஜஹாங்கீர் காஷ்மீரில் இருந்த சமயம் பீஜப்பூர், கோல்கொண்டா அரசுகளின் துணையுடன் மீண்டும் எழுந்து, முகலாயரைத் துரத்திச்சென்று புர்ஹான்பூரிலேயே முற்றுகையிட்டார். 1621-ல் ஷாஜஹான் திரும்பவும் வந்து அவரைப் பின்தள்ளினார். கட்கி மீண்டும் அழிக்கப்பட்டது. மூன்று தக்காண அரசுகளும் சேர்ந்து 50 லட்சம் ரூபாய் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டன.

1624: பட்வாடிப் போர்

அம்பரின் பெரும் வெற்றி அவரது 76-ஆம் வயதளவில் கிட்டியது. 1624-ல் பீஜப்பூர் அரசு அம்பருக்கு எதிராக முகலாயருடன் கூட்டுச் சேர்ந்தது. பீஜப்பூரின் முல்லா முகம்மது லாரியும் முகலாயரின் லஷ்கர் கானும் தலைமை ஏற்ற கூட்டுப்படை அவரைத் துரத்தியது. அம்பர் சமாதானம் பேசுபவர் போலக் காலம் கடத்திக்கொண்டே பின்வாங்கி, அகமதுநகருக்கு அருகே பட்வாடி என்ற ஊரில் நின்றார்.

அங்கே ஓர் ஏரி இருந்தது. அதன் கரையை அம்பரின் ஆட்கள் உடைத்தனர். நீர் பரவி, கூட்டுப்படை தங்கியிருந்த பகுதி சேறானது. மழையும் சேர்ந்துகொண்டது. பீரங்கி வண்டிகள் நகரவில்லை. பொதிமாடுகள் வர வழியில்லை. தானியம் தீர்ந்ததும் வீரர்கள் சிறு சிறு குழுக்களாக அம்பரின் பக்கம் வந்து சேர்ந்தனர். இரவுத் தாக்குதல்கள் மிச்சமிருந்த மனவலிமையையும் கரைத்தன. இறுதியில் அம்பர் பாய்ந்தபோது முல்லா முகம்மது லாரி கொல்லப்பட்டார். லஷ்கர் கான் உள்ளிட்ட தளபதிகள் சிறைபிடிக்கப்பட்டனர்.

இப்போரில் அம்பரின் தரப்பில் போரிட்டவர்களுள் ஷாஜி போன்ஸ்லேயும் அவரது தம்பி ஷரீப்ஜியும் அடங்குவர். ஷரீப்ஜி களத்தில் இறந்தார். வெற்றிக்குப் பின் ஷாஜிக்கும் அம்பருக்கும் மனக்கசப்பு ஏற்பட, ஷாஜி பீஜப்பூர் அரசில் சேர்ந்தார்.

இதே காலத்தில் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற ஷாஜஹான், தாம் இருமுறை தோற்கடித்த அதே அம்பரிடம் வந்து அடைக்கலம் தேடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜஹாங்கீரின் ஓவியம்

ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் அம்பரை ஒருபோதும் மரியாதையுடன் எழுதவில்லை. பெயரைச் சொல்லும் இடமெல்லாம் அவரது கறுப்பு நிறத்தை இழித்தும் விதியைச் சபித்தும் எழுதினார். 1616-ஐ ஒட்டி அவரது அவை ஓவியர் அபுல் ஹசன் வரைந்த ஓவியம் ஒன்று இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. உலக உருண்டையின் மேல் நிற்கும் ஜஹாங்கீர், ஈட்டியில் செருகப்பட்ட அம்பரின் தலையை நோக்கி அம்பு எய்கிறார். அருகில் தீக்குறியாக ஆந்தை அமர்ந்திருக்கிறது.

ஜஹாங்கீர் அம்பரை ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. ஓவியம் வரையப்பட்ட பிறகும் அம்பர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உயிருடன் போரிட்டார். களத்தில் கிடைக்காத வெற்றி தாளில் வரையப்பட்டது. 1626-ல் அம்பர் இறந்த செய்தி வந்தபோது, முகலாய வரலாற்றாசிரியர் முதமத் கான் அவரை அடிமை என்று குறிப்பிட்டுவிட்டு, போரிலும் தலைமையிலும் நிர்வாகத்திலும் அவருக்கு நிகர் எவருமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கட்கி நகரம்

1610-ல் அம்பர் நிறுவிய கட்கி நகரமே பின்னாளில் ஔரங்காபாத் ஆகி, இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது. முகலாயர்மேல் பெற்ற வெற்றியின் நினைவாக 1612-ல் கட்டப்பட்ட பட்கல் வாயில் இன்றும் நிற்கிறது. மழை குறைந்த அந்த மேட்டுநிலத்தில் நகருக்கு நீர் கொண்டுவர, வடக்கிலுள்ள குன்றுப் பகுதியிலிருந்து நிலத்தடி நீரைக் குழாய்களாலும் சுரங்கக் கால்வாய்களாலும் ஈர்க்கும் நஹர்-இ-அம்பரி என்ற அமைப்பை அவர் உருவாக்கினார். இடையிடையே காற்றுப்போக்கிகள் அமைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் அந்த நகரம் இந்த நீரைக் குடித்தது.

முறையின் எல்லைகளும் விலையும்

கரந்தடிப் போர் அம்பரின் அரசைக் காத்தது. ஆனால் அதனால் முகலாயரை நிலையாக வெளியேற்ற முடியவில்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் சில ஆண்டுகளில் புதிய படை வந்தது. பெரிய பேரரசு தோல்வியைத் தாங்கும்; சிறிய அரசு ஒரு தவறையும் தாங்காது. ரோஷன்காவ் அதற்குச் சான்று.

இரண்டாவதாக, இம்முறை தலைவர்களின் விசுவாசத்தைச் சார்ந்தது. சிதறி இயங்கும் குழுக்களை ஒன்றாகப் பிடித்துவைப்பது ஒரு மனிதரின் ஆளுமையாக இருக்கும்போது, அவருக்குப் பின் அது நிலைப்பதில்லை. அம்பரின் மகன் பதே கானால் அந்தப் பிடியைக் காக்க முடியவில்லை. 1633-ல் அவர் தௌலதாபாத் கோட்டையை முகலாயரிடம் ஒப்படைத்தார். 1636-ல் நிஜாம் ஷாஹி அரசு மறைந்தது.

மூன்றாவது, விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பது. எரிக்கப்பட்ட புல்லும் பயிரும் ஏதோ ஓர் ஊருடையது. முகலாயப் படைக்குக் கிடைக்காத தானியம் உழவனுக்கும் கிடைக்கவில்லை. கட்கி இரண்டு முறை அழிந்தபோது துன்புற்றவர்கள் அதன் குடிமக்களே. தன் மண்ணில் நடக்கும் போர் என்பதால் மக்கள் அதைத் தாங்கினர். அதே முறை பிறர் மண்ணுக்குச் சென்றபோது அதன் முகம் மாறியது. 1741 முதல் 1751 வரை மராட்டியக் குதிரைப்படைகள் வங்காளத்தைக் கொள்ளையிட்டன. அங்கே பார்கி என்ற சொல் ஊர்களை எரித்துச் சூறையாடும் கூட்டத்தின் பெயரானது. வங்காளத் தாய்மார் குழந்தைகளை உறங்கவைக்கப் பாடும் தாலாட்டில் அந்த அச்சம் இன்றும் தங்கியிருக்கிறது. தக்காணத்தில் காவலின் பெயராக இருந்த சொல் வங்காளத்தில் பேரச்சத்தின் பெயராயிற்று.

மராட்டியரிடம் தொடர்ச்சி

அம்பர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1630-ல் ஷாஜியின் மகன் ஷிவாஜி பிறந்தார். மராட்டியில் 'கனிமி காவா' எனப்படும் அவரது போர்முறையில் அம்பரின் வழிகள் பலவும் காணப்படுகின்றன. ஷிவாஜி அதனுடன் மலைக்கோட்டைகளின் தொடரைச் சேர்த்தார். பின்வாங்கும் படைக்குத் தங்குமிடமும் தானியக் களஞ்சியமும் கிடைத்தன. அம்பரிடம் இருந்த பெரிய குறை இதனால் ஓரளவு நீங்கியது. 1663-ல் புனேயில் முகலாய ஆளுநர் ஷாயிஸ்தா கானின் தங்குமிடத்துக்குள்ளேயே இரவில் புகுந்து தாக்கியது இம்முறையின் பெயர்பெற்ற நிகழ்வு.

இப்போர்முறை தமிழகத்திலும் நடந்தது. ஷிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் தங்கியிருந்தபோது, முகலாயர் 1690 முதல் 1698 வரை அதை முற்றுகையிட்டனர். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து முற்றுகைப் படையைச் சூழ்ந்தனர். 1692 இறுதியில் காஞ்சிபுரம் பகுதியின் முகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். கோட்டையை முற்றுகையிட்டவர்களே உணவின்றித் தவித்து, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. 1698-ல் செஞ்சி வீழ்ந்தாலும் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார்.

பட்வாடியில் போரிட்ட ஷாஜியின் மற்றொரு மகன் ஏகோஜி தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். போன்ஸ்லே குடும்பத்தின் வரலாறு 1803-ல் இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராட்டி மொழியில் பொறிக்கப்பட்டது.

இறப்பும் நினைவிடமும்

மாலிக் அம்பர் 1626-ல் ஏறத்தாழ 78 வயதில் இயற்கை மரணம் அடைந்தார். தௌலதாபாதுக்கு அருகிலுள்ள குல்தாபாத்தில், தாம் உயிருடன் இருந்தபோதே கட்டிய கல்லறை மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவி பீபி கரீமாவின் கல்லறையும் அருகில் உள்ளது.

ஷாஜஹானின் மகன் ஔரங்கசீப் தம் வாழ்நாளின் கடைசி 25 ஆண்டுகளைத் தக்காணத்தில் மராட்டியக் கரந்தடிப் படைகளைத் துரத்துவதில் கழித்து, போர் முடியாமலே 1707-ல் இறந்தார். அவரும் குல்தாபாத்திலேயே திறந்தவெளியில் ஓர் எளிய கல்லறையில் புதைக்கப்பட்டார். முகலாயரை எதிர்த்து அந்தப் போர்முறையை வளர்த்தவரும், அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓய்ந்த முகலாயப் பேரரசரும் ஒரே சிற்றூரில் உறங்குகின்றனர்.